பழைய காரின் அலாய் வீலைப் புதுப்பிப்பது: எதைப் பாலிஷ் போடலாம், எதைப் போடக் கூடாது

கேள்வி இதுதான்: வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, 20 வருடம் தாண்டிய ஜப்பானிய செடான் கார். கம்பெனியிலிருந்தே வந்த 14 இஞ்ச் அலாய் வீல்கள் நாலும் வெள்ளையாகப் பூத்துவிட்டன. மேல் பூச்சு உரிகிறது, அதற்கடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடுகள். ஒருவர் மெட்டல் பாலிஷ் வாங்கித் தேய்க்கச் சொல்கிறார், இன்னொருவர் பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளைத் தூவி அடுப்பில் சுட்டுப் பிடிக்க வைப்பது) என்கிறார், மூன்றாமவர் மாற்றிவிடுங்கள் என்கிறார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்க முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் வீலையும் உங்கள் வீடு இருக்கும் இடத்தையும் பார்த்தால், வீல் முழுவதையும் அப்படிப் பளபளப்பாக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய பூச்சைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஸ்போக்குகளுக்கு மறுபடி சில்வர் அடித்து, வெளி விளிம்பை மட்டும் பாலிஷ் போடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், அதை எப்படிச் செய்வது என்பதையும் முழுதாக எழுதுகிறேன். முழு வீலையும் பாலிஷ் போட்டே தீருவேன் என்றாலும் அதற்கான வழியும் இதிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் வீலின் மேல் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பாலிஷ் போட்டு ஏமாந்தவர்களில் பாதிப் பேர் அலுமினியத்தைத் தேய்க்கவே இல்லை, அதன் மேலிருந்த வார்னிஷைத் தேய்த்திருக்கிறார்கள். சோதனை எளிது. வீலைக் கழுவிக் காயவிட்டு, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், ஸ்போக்கின் ஓரமாகப் பார்த்து, வெள்ளைப் பனியன் துணியில் பட்டாணி அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து அரை நிமிடம் தேயுங்கள். துணி கருப்பானால் அது வெறும் உலோகம். அந்தக் கருப்பு அலுமினியமேதான், மிக நுண்ணிய தூளாக வருகிறது. துணி கருக்கவே இல்லை என்றால் மேலே கிளியர் கோட்டோ (நிறமில்லாத வார்னிஷ்), அனோடைஸ் பூச்சோ (மின்சாரம் செலுத்தி ஏற்றிய ஆக்சைடு) இருக்கிறது. அந்த நிலையில் எத்தனை ட்யூப் பாலிஷ் தீர்த்தாலும் உள்ளே இருக்கும் கறை மேல் அது படவே படாது.

பழைய காரில் நீங்கள் பார்க்கக்கூடியவை பெரும்பாலும் நாலைந்து வகைதான். சில்வர் பெயின்ட் அடித்து மேலே கிளியர் கோட் போட்டது, இதுதான் அதிகம். அடுத்து டயமண்ட் கட்: முகப்பை லேத்தில் கடைந்து, அந்த மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும்படி கிளியர் மட்டும் அடித்திருப்பார்கள். இதைக் கையால் தேய்த்தால் கோடுகள் போய்விடும், திரும்பக் கொண்டுவர லேத்தில்தான் கடைய வேண்டும். ஒவ்வொரு முறை கடையும்போதும் உலோகம் குறைவதால் அதைத் திரும்பத் திரும்பச் செய்யவும் முடியாது. வெறும் உலோகத்தைப் பாலிஷ் செய்தது மூன்றாவது. அனோடைஸ் செய்தது நாலாவது, அதன் ஆக்சைடு பூச்சு மிகவும் கடினம், உப்புத்தாளில் தேய்த்தால் கை ஓயும். கடைசியாக குரோம் முலாம். முலாம் உரிந்து நிற்கிற குரோம் வீலைத் தொடவே தொடாதீர்கள். உரிந்த துண்டுகள் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், முலாமைக் கழற்றுவது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

நீங்கள் சொல்லும் புழுத்தடம் முதல் வகை வீலில் வரும் நோய், ஆங்கிலத்தில் ஃபிலிஃபார்ம் கரோஷன் என்பார்கள். எங்கோ ஒரு கல் பட்டுப் பூச்சு விண்டிருக்கும், அல்லது டயர் மாற்றும்போது விளிம்பில் கீறியிருக்கும். அந்தச் சின்னத் திறப்பு வழியாக உப்பும் ஈரமும் உள்ளே போகும். நூல் போன்ற அரிப்பு பூச்சுக்கு அடியிலேயே நகரும். அதன் தலைப் பக்கம் அமிலத்தன்மையுடன் அலுமினியத்தைத் தின்றுகொண்டே முன்னேறும், வால் பக்கம் வெள்ளைத் தூளாகத் தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 முதல் 95 சதவீதம் இருந்தால் இதற்கு ரொம்பத் தோது. சென்னைக் கடலோரத்தில் வருடத்தில் எத்தனை இரவுகள் அப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு நம் ஊரில் பலர் கார் கழுவுவது உப்பு போர் தண்ணீரில். கழுவி அப்படியே காயவிட்டால் உப்பு வீலிலேயே தங்குகிறது.

இதனால்தான் உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து டச்சப் செய்வது நிற்காது. நூல் எங்கே வரை போயிருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. பூச்சு முழுவதும் வர வேண்டும்.

பூச்சை எடுப்பதற்கு முன் வீல் பிழைக்குமா என்று பாருங்கள். டயரைக் கழற்றி, உள்பக்கத்தையும் கழுவி, வெயிலில் வைத்து ஸ்போக்கின் அடி, நட் துளைகளைச் சுற்றி, உள் விளிம்பு மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். தலைமுடி அளவு விரிசல் தெரிந்தால் அந்த வீல் முடிந்தது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவர் இருப்பார், ஸ்போக்கிலும் நட் பக்கத்திலும் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். கேஸ் டார்ச்சில் சூடுகாட்டி வளைவு எடுப்பதும் அப்படித்தான். இந்த வார்ப்பு வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்ற கலவை: அலுமினியத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம். வார்த்தபின் 540 டிகிரி அளவில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 155 டிகிரியை ஒட்டி சில மணி நேரம் வைத்துப் பதமேற்றுவார்கள். வீலின் பலமே அந்தப் பதம்தான். தீயில் காட்டினால் பதம் இறங்கிவிடும், வெளியே பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பவுடர் கோட்டிங் அடுப்பும் வழக்கமாக 180–200 டிகிரியில் ஓடும். அளவான நேரத்தில் ஒருமுறை செய்தால் பெரும்பாலும் கேடில்லை, ஆனால் அடுப்பின் சூட்டை அளக்காமல் குத்துமதிப்பாகச் செய்யும் இடத்தில் வீலைக் கொடுக்க வேண்டாம்.

ஸ்போக்கின் பின்பக்கம் ஜே.டபிள்யூ.எல் என்று வார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானின் அலாய் வீல் தரத்துக்கு ஏற்றது என்று தயாரித்தவர் பொறிக்கும் முத்திரை அது. அந்த முத்திரையோடு விரிசல் இல்லாமல் இருக்கிற வீல் என்றால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சாலையோரக் கடையில் கிடைக்கும் பேர் தெரியாத புது வீலைவிட 20 வருடம் தாங்கிய இந்த வீல் எனக்கு நம்பிக்கையானது.

டயரைக் கழற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய அலாய் வீலில் வாரம் மூன்று நாலு பவுண்டு காற்று இறங்கும், பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் ஆணியே இருக்காது. டயரின் பீடு, அதாவது அதன் தடித்த உள் விளிம்பு, உட்காரும் வளையத்தில் பூத்திருக்கும் அரிப்புதான் காரணம். பச்சை ஸ்கிரப்பர் நாரும் சோப்புத் தண்ணீரும் போட்டு அந்த வளையத்தைச் சுற்றிச் சுத்தம் செய்து, சொரசொரப்பு விரலில் தட்டாத அளவுக்கு 400 நம்பர் உப்புத்தாளில் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) லேசாக வருடுங்கள். அதற்கு மேல் தேய்த்து அளவைக் குறைத்துவிடாதீர்கள். டயரைத் திரும்பப் போடும்போது ரப்பர் வால்வையும் புதிதாக மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசுதான். பாலிஷ் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தாலும்கூட இந்த ஒரு வேலையை விடாதீர்கள்.

இனி பூச்சை எடுப்பது. பெயின்ட் கடையில் பெயின்ட் ரிமூவர் என்று கிடைக்கும் பசை போன்ற திரவம்தான் வேகமான வழி. பலவற்றில் டைகுளோரோமீத்தேன் இருக்கிறது. அதன் ஆவி மூடிய இடத்தில் ஆளையே கொல்லக்கூடியது. மொட்டைமாடியிலோ திறந்த வாசலிலோ மட்டும் செய்யுங்கள், கார் ஷெட்டுக்குள் வேண்டாம். மெல்லிய நீல நிற நைட்ரைல் கையுறையை அது சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், கடையில் கேட்டு அந்த ரசாயனத்துக்கான தடித்த கையுறையே வாங்குங்கள். கண்ணாடி கட்டாயம். தூரிகையால் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடி வையுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் பூச்சு சுருங்கிக் கொப்பளிக்கும். பிளாஸ்டிக் பட்டி பிளேடால் வழித்தெடுங்கள், இரும்பு பிளேடு வேண்டாம். இடுக்குகளுக்கு நைலான் பிரஷ். இரண்டு மூன்று தடவை பூச வேண்டியிருக்கும். கடைசியில் நிறையத் தண்ணீரில் அலசுங்கள்.

இரும்புக் கம்பி பிரஷும் ஸ்டீல் வூலும் ஏன் ஆகாது என்றால், அவற்றின் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்துவிடும். முதல் மழையிலேயே துருப்புள்ளி எழும், அந்தப் புள்ளியைச் சுற்றி அலுமினியமும் அரிக்கும். கிரைண்டரில் இரும்புக்குப் போடும் கல்லையும் இதில் வைக்காதீர்கள். அலுமினியம் கல்லின் கண்களில் அப்பிக்கொண்டு சூடேறி, கல் வெடிக்கக்கூடும். இரும்பு அறுத்த பொறி பறக்கும் இடத்தில் அலுமினியத் தூள் குவிந்திருப்பதும் தீ ஆபத்து.

காஸ்டிக் சோடா போட்டால் சீக்கிரம் வரும் என்றும், கழிவறை கழுவும் ஆசிட்டை நீர்த்து ஊற்றலாம் என்றும் யாராவது சொல்வார்கள். சில வாட்டர் வாஷ் கடைகளில் ஆசிட் அடிக்கவும் செய்கிறார்கள். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அலுமினியப் பாத்திரத்தில் வாஷிங் சோடா கரைத்து வைத்தால் கருத்துப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். பித்தளைக்குப் போடும் புளியும் உப்பும் இங்கே உதவாது, உப்பு இருக்கிற எதுவும் இந்த வீலுக்குப் பகை.

பூச்சு போனதும் வெளியே வருவது பளபளப்பான உலோகம் அல்ல என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெயின்ட் அடிப்பதற்கென்று வார்த்த வீலில் ஸ்போக்குகளின் மேல் வார்ப்புத் தோல் அப்படியே இருக்கும்: மங்கலான சாம்பல், சொரசொரப்பு, ஆங்காங்கே ஊசித்துளைகள். தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து புதுத் துளைகள் திறக்கும். சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு என்பதால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் சற்றே சாம்பல் கலந்த பளபளப்புதான் வரும். சிலிக்கான் குறைந்த 6061 கலவையில் அடித்துருவாக்கிய வீலில் வரும் வெள்ளிப் பளபளப்பு இதில் வராது. விளிம்பு வேறு கதை. பெரும்பாலும் அது லேத்தில் கடைந்த பகுதி, உலோகம் நெருக்கமாக இருக்கும், பாலிஷ் அழகாக ஏறும். விளிம்பை மட்டும் என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

நடைபாதைக் கல்லில் உரசிய காயங்கள் இருந்தால் முதலில் அரத்தால் முனைகளைச் சமன் செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழக் கீறலை முழுதாக எடுக்க விளிம்பு முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருக்கும், அதைச் செய்யாதீர்கள், கூர்மையை மழுக்கினால் போதும். அலுமினியத் தூள் கலந்த எபாக்ஸி பட்டி பெயின்ட் அடிக்கும் இடத்துக்குச் சரி. பாலிஷ் போடும் இடத்தில் அது கருந்திட்டாகத் தெரியும்.

உப்புத்தாள் வேலைதான் முழு வேலையில் முக்கால் பங்கு. ஆழமான அரிப்பு இருந்தால் 220, இல்லையென்றால் 320-ல் தொடங்கி, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று போக வேண்டும். 400 முதல் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம். தண்ணீர் தூளையும் அடக்கும், தாள் அடைபடுவதையும் தடுக்கும். ஒவ்வொரு நம்பரிலும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். 400-ல் விளிம்பைச் சுற்றி வட்டமாகத் தேய்த்தீர்கள் என்றால் 600-ல் குறுக்கே. இப்போது துணியால் துடைத்துக் காயவைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பழைய திசையில் ஒரு கோடு தெரிந்தாலும் 600 முடியவில்லை. எல்லாக் கோடும் ஒரே திசைக்கு வந்தபின்தான் 800. இடையில் ஒரு நம்பரைத் தாண்டிப் போனால் அது பாலிஷ் போட்டபின்தான் தெரியும், பளபளப்புக்கு அடியில் வெயிலில் மின்னுகிற கீறலாக. அப்போது நாலு படி திரும்பி வர வேண்டும். நம்பர் மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், பழைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு மணல்பருக்கை போதும் புது வேலையைக் கெடுக்க. ஸ்போக்கையும் சேர்த்துச் செய்தால் ஒரு வீலுக்கு ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு மட்டும் என்றால் அரை நாள்.

1500-க்கு மேல் வந்ததும் பஃபிங். டிரில் மெஷினில் மாட்டும் பஞ்சுத்துணிச் சக்கரமோ கூம்போ போதும். பாலிஷ் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடைகளில் பஃபிங் சோப் கட்டியாகக் கிடைக்கும். முதலில் வெட்டும் தன்மையுள்ள பழுப்புக் கட்டி, பிறகு மெருகுக்கு வெள்ளைக் கட்டி, இரண்டுக்கும் தனித்தனிச் சக்கரம். சக்கரம் ஓடும்போது கட்டியை லேசாகத் தொட்டால் போதும், நிறைய அப்பினால் வீலில் கரியாக ஒட்டும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். கை வைத்துப் பார்த்துச் சுட்டால் ஆறவிடுங்கள். சக்கரத்தின் ஓரம் ஸ்போக் முனையில் சிக்கினால் டிரில் கையை முறுக்கிவிடும், அதனால் முனைக்கு எதிராகப் போகாமல் முனையை விட்டு விலகுகிற திசையில் ஓட்டுங்கள். தொளதொள சட்டைக் கையும் கையில் கட்டிய கயிறும் இந்த வேலைக்கு ஆகாது. கடைசியாக ஆட்டோசால் மாதிரி மெட்டல் பாலிஷ் பேஸ்ட்டைக் கையால், பழைய பனியன் துணியில் தேயுங்கள். இடுக்கில் தங்கும் கருப்பு எண்ணெய்ப் பசை துடைக்கத் துடைக்க வரும். அமெரிக்காவில் லாரி வீல் பாலிஷ் போடுகிறவர்கள் அதன் மேல் கோதுமை மாவைத் தூவித் துடைப்பார்கள். எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்ளும், நம் வீட்டு மைதாவும் அதே வேலையைச் செய்யும்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: பாலிஷ் மேல் கிளியர் கோட் அடிக்கலாமா? என் பதில், வேண்டாம். கிளியர் பிடிக்க நுண்ணிய சொரசொரப்பு வேண்டும், நீங்கள் நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்ததே அதைத்தான். பிடிமானம் இல்லாத பூச்சில் ஒரு கல் பட்டதும் அதே புழுத்தடம் மறுபடி தொடங்கும், அப்போது பாலிஷையும் சேர்த்து முதலிலிருந்து செய்ய வேண்டும். வெறும் உலோகமாகவே விட்டு, கார்னாபா மெழுகோ வீலுக்கான சீலன்ட்டோ பூசுங்கள். கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். கடலோரத்தில் மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். நாலு வீலின் நாலு விளிம்பு என்றால் ஞாயிறு காலையில் ஒரு மணி நேர வேலை. எல்லா ஸ்போக்குகளின் எல்லா இடுக்குகளும் என்றால் மூன்றாவது மாதமே யாரும் விட்டுவிடுவார்கள். முழு பாலிஷ் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம், முதலாவதைவிடப் பெரியது.

ஸ்போக்குகளுக்குப் பெயின்ட் என்றால் ஒன்றை மட்டும் பெயின்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்: அலுமினியத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இதில் பிடிக்காது, ஒரு வருடத்தில் தகடாகக் கழன்று வரும். 400-ல் தேய்த்து, தின்னரில் துடைத்து, கை படாமல், அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படரத் தொடங்கிவிடும், நாள் தள்ளினால் அதோடு தூசியும் உப்பும் சேர்ந்துகொள்ளும். மேலே சில்வர், அதற்கு மேல் ஹார்டனர் கலந்த 2கே கிளியர். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது, அதனால் இந்தக் கட்டத்தை மட்டும் வசதியுள்ள பெயின்டரிடம் விடுவது நல்லது. விளிம்புக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுங்கள். நட் உட்காரும் குழிகளிலும், ஹப்போடு (காரில் வீல் மாட்டும் இரும்புப் பகுதி) ஒட்டும் பின்முகத்திலும் பெயின்ட் படவே கூடாது. அங்கே தடிமனாகப் பூச்சு இருந்தால் ஓட ஓட அது நசுங்கும், நட் தளரும், வீல் கழலும். அழகுக்காக எடுத்த வேலை உயிருக்கு ஆபத்தாக முடியும் இடம் இதுதான், அதனால் வீல் திரும்பி வந்ததும் முதலில் அந்தக் குழிகளைப் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைத் தேய்த்தெடுத்து, நடு வளையத்தில் மட்டும் ஆன்டி சீஸ் என்ற, இறுகிப்போகாமல் காக்கும் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றோடொன்று இறுகிப்போய், அடுத்த பஞ்சருக்கு வீல் கழலாது. போல்ட் மரையில் அதைத் தடவ வேண்டாம். பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் கவ்வும் வெயிட் வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் வெயிட் போடச் சொல்லுங்கள். கவ்வும் கிளிப் கீறும் இடத்தில்தான் அரிப்பு முதலில் தொடங்கும். நட்டுகள் பழையவையே இருக்கட்டும். சில கம்பெனி வீல்களுக்கு உருண்டை அடி நட், வேறு சிலவற்றுக்குக் கூம்பு அடி நட், மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது. ஏர் கன்னால் முறுக்கி முடித்துவிடாமல், நட்டுகளை எதிரெதிராக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் முறுக்கச் சொல்லுங்கள். இந்த அளவுக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், சரியான எண்ணை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின், வீல் ஆறியிருக்கும்போது, அதே அளவில் இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள். புதுப் பெயின்ட் அடித்த வீலில் இந்த இரண்டாவது சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.